மண்வாடையைத் தின்னும் மணல்: குடிநீர் வடிகட்டியில் பாக்டீரியாக்களின் வேலை

குழாய் நீரில் மண்வாடை அடிக்கிறது என்றால், குளோரினை இன்னும் கொஞ்சம் கூட்டிப் போட்டால் சரியாகிவிடாதா என்றுதான் ஏறக்குறைய எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். கிருமியைக் கொல்லும் மருந்து நாற்றத்தையும் போக்கிவிடும் என்று நினைப்பது இயல்புதான். ஆனால் இந்த ஒரு வாடையைப் பொறுத்தவரை குளோரின் கைகொடுப்பதில்லை. சில சமயங்களில் நிலைமையை மோசமாக்கவும் செய்கிறது. குளோரினால் ஆகாத இந்த வேலையை, குளோரின் பட்டால் செத்துப்போகும் பாக்டீரியாக்கள் வடிகட்டியின் மணலுக்குள் உட்கார்ந்தபடி சத்தமில்லாமல் முடித்துவிடுகின்றன. நீர்ச் சுத்திகரிப்பைப் பற்றி நெடுங்காலமாகப் படித்துவரும் எனக்கு, இந்தத் துறையில் மிகவும் பிடித்த செய்தி இதுதான். அது எப்படி நடக்கிறது, எப்போது நடக்காமல் போகிறது என்பதைச் சற்று விரிவாக எழுத வேண்டும் என்று வெகுநாளாக எண்ணியிருந்தேன்.

முதலில் வாடைக்குக் காரணமானவற்றைப் பார்ப்போம். குடிநீரில் வரும் மண்வாடைக்கும் மக்கிய வாடைக்கும் பெரும்பாலும் இரண்டு வேதிப்பொருள்களே பொறுப்பு. ஒன்று ஜியோஸ்மின். அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நான்சி கெர்பரும் ஹூபர்ட் லெசெவாலியேவும் 1965-இல் இதைப் பிரித்தெடுத்துப் பெயரிட்டார்கள். மற்றொன்று 2-மெத்தில் ஐசோபோர்னியால். பெயர் நீளமாக இருப்பதால் துறையில் இருப்பவர்கள் எம்.ஐ.பி. என்றே சொல்வார்கள். முதல் மழை விழுந்ததும் காய்ந்த நிலத்திலிருந்து எழும் மணத்தில் முக்கியப் பங்கு ஜியோஸ்மினுக்கு உண்டு. மண்ணிலிருந்து எழும்போது நாம் மூச்சை இழுத்து அனுபவிக்கும் அதே பொருள், குடிக்கும் நீரில் கலந்து வந்தால் முகம் சுளிக்க வைக்கிறது.

இவற்றை உண்டாக்குபவையும் நுண்ணுயிர்களே. மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் போன்ற ஆக்டினோமைசீட்டு என்னும் பாக்டீரியாக்களும், ஏரிகளிலும் நீர்த்தேக்கங்களிலும் வெயில் காலத்தில் பெருகும் சயனோபாக்டீரியா எனப்படும் நீலப்பச்சைப் பாசிகளுமே முதன்மையானவை. மண்ணில் இருப்பவை எதற்காக இந்த மணத்தை வெளியிடுகின்றன என்ற கேள்விக்கு 2020-இல் ஒரு நல்ல விடை கிடைத்தது: ஜியோஸ்மின் வாசனையை மோப்பம் பிடித்து ஸ்பிரிங்டெயில் என்னும் சிறு பூச்சியினங்கள் வந்து மேய்கின்றன, மேய்ந்துவிட்டுப் போகும்போது பாக்டீரியாவின் வித்துகளைச் சுமந்து சென்று பரப்புகின்றன. பூச்சிக்கு விடுக்கப்பட்ட அந்த அழைப்புதான் நம் குடிநீரிலும் வந்து சேர்கிறது.

அளவைப் பார்த்தால் நம் மூக்கின் கூர்மை மலைக்க வைக்கும். லிட்டருக்கு ஏறத்தாழ 5 முதல் 10 நானோகிராம் இருந்தாலே பலரால் இந்த வாடையை உணர முடிகிறது. 5 நானோகிராம் என்ற கணக்கில், 1 கிராம் ஜியோஸ்மின் 20 கோடி லிட்டர் நீரை, அதாவது ஒலிம்பிக் போட்டிகளுக்கான நீச்சல் குளங்கள் 80-இல் உள்ள நீரை, மண்வாடை அடிக்க வைத்துவிடும். ஜப்பான் தன் குடிநீர்த் தர வரம்பில் இவ்விரண்டு பொருள்களுக்கும் தனித்தனியே லிட்டருக்கு 10 நானோகிராம் என்று எல்லை வகுத்திருக்கிறது. இந்த அளவில் இவை உடலுக்குக் கேடு செய்பவை அல்ல. அந்த வரம்பு மக்களின் மூக்கைக் கருதி வைக்கப்பட்டது. நீரைச் சூடாக்கினால் வாடை இன்னும் தூக்கலாகத் தெரியும், ஏனெனில் இவை ஆவியாகி எழக்கூடிய பொருள்கள். குளிர்ந்த நீரில் ஒன்றும் தெரியாதவர் வெந்நீரில் குளிக்கும்போது புகார் சொல்வதற்குக் காரணம் அதுதான்.

குளோரின் ஏன் தோற்கிறது என்பதற்கு விடை மூலக்கூற்றின் அமைப்பில் இருக்கிறது. ஜியோஸ்மினும் எம்.ஐ.பி.யும் வளையங்களாகப் பின்னிய, இரட்டைப் பிணைப்பு எதுவும் இல்லாத, மூவிணைய ஆல்கஹால் வகையைச் சேர்ந்தவை. குளோரின், பெர்மாங்கனேட், குளோரின் டை ஆக்சைடு ஆகியவை பற்றிக்கொண்டு தாக்குவதற்கு வசதியான இடம் எதுவும் இவற்றில் இல்லை. குளோரினைக் கூட்டினால் அதன் சொந்த நெடி மேலோங்கி மண்வாடையை மறைக்கிறது. குழாய் வழியே போகப்போக குளோரின் குறைந்துவிட, மறைந்திருந்த வாடை வீட்டுக் குழாயில் மீண்டும் தலைகாட்டுகிறது. இதைவிட மோசமான ஒன்றும் நடக்கலாம். நீலப்பச்சைப் பாசியின் உயிரணுக்களுக்குள் கணிசமான அளவு ஜியோஸ்மின் அடைபட்டிருக்கும். உயிரணு முழுதாக இருக்கும்வரை படிகாரம் போட்டுத் திரள வைத்து, படிய வைத்து, அதை அப்படியே அகற்றிவிடலாம். சுத்திகரிப்பின் தொடக்கத்திலேயே குளோரினைப் போட்டாலோ, ஏரியில் மயில்துத்தம் தூவினாலோ உயிரணு உடைந்து, உள்ளே இருந்த அத்தனையும் நீரில் கரைந்துவிடும். கரைந்ததைப் படிகாரம் பிடிக்காது. சாதாரண மணலும் வெறும் சல்லடையாக நின்று தடுக்காது.

கரைந்ததை எடுக்க வழக்கத்தில் உள்ள வழிகள் இரண்டு. ஒன்று தூளாக்கிய செயலூட்டிய கரியை, அதாவது மற்றப் பொருள்களைத் தன்மேல் ஒட்டவைத்துக்கொள்ளும்படி பக்குவப்படுத்திய கரியை, நீரில் கலப்பது. நன்றாகவே வேலை செய்யும். ஆனால் நீரில் இயற்கையாக உள்ள மற்றக் கரிமப் பொருள்கள் நானோகிராம் கணக்கில் இருக்கும் இந்த இரண்டையும்விடப் பல ஆயிரம் மடங்கு மிகுதி என்பதால் கரியின் இடங்களை அவையே பிடித்துக்கொள்கின்றன. அதனால் கரியை அள்ளிக் கொட்ட வேண்டியிருக்கிறது. கசடும் அதற்கேற்பச் சேருகிறது. இன்னொரு வழி ஓசோன், அல்லது ஓசோனுடன் ஹைட்ரஜன் பெராக்சைடு. இவற்றிலிருந்து பிறக்கும் ஹைட்ராக்சில் தனியுறுப்புகள் எனப்படும் தீவிர வினைத் துணுக்குகள் ஜியோஸ்மினையும் சிதைத்துவிடும் வேகம் உள்ளவை. ஆனால் நீரில் புரோமைடு இருந்தால் ஓசோன் அதைப் புரோமேட்டாக மாற்றிவிடும். புரோமேட்டுக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வழிகாட்டு வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். வாடையைப் போக்கப் போய் அந்த வரம்பைத் தாண்டிவிடக் கூடாதல்லவா?

பாக்டீரியாக்களின் வேலை இங்கேதான் தொடங்குகிறது. வடிகட்டியில் உள்ள மணலோ கரிமணியோ (செயலூட்டிய கரியின் சிறு மணிகள்), குளோரின் படாமல் சில வாரங்கள் நீரோட்டத்தில் கிடந்தால், அதன் மேற்பரப்பில் உயிர்ப்படலம் எனப்படும் வழுவழுப்பான மென்படலம் படிகிறது. பலவகை பாக்டீரியாக்கள் தாங்களே சுரந்த பசையில் ஒட்டிக்கொண்டு கூட்டாக வாழும் குடியிருப்பு அது. யாரும் விதைக்க வேண்டியதில்லை. ஏரி நீரிலேயே அவை வந்து சேர்ந்துவிடுகின்றன. இந்தப் படலத்தைக் கடந்து செல்லும் நீரில் உள்ள ஜியோஸ்மினும் எம்.ஐ.பி.யும் நொதிகளிடம் அகப்பட்டுச் சிதைகின்றன. கரியைப் போல ஒரு பொருளைத் தன்மேல் ஒட்டிவைத்துக்கொள்வது அன்று இது, மூலக்கூற்றையே உடைத்துவிடுவது. ஆகவே நிறைந்துபோய்த் தூக்கி எறிய வேண்டிய நிலையும் வருவதில்லை. இது உயிர்களின் வேலைதான், வெறும் ஒட்டல் அன்று என்பதை உறுதிசெய்ய ஆய்வாளர்கள் எளிய சோதனை ஒன்றைச் செய்கிறார்கள்: இயங்கிக்கொண்டிருக்கும் வடிகட்டியிலிருந்து மணலை எடுத்து, ஒரு பகுதியை நீராவி அழுத்தத்தில் வைத்துக் கிருமி நீக்குகிறார்கள். கிருமி நீக்கிய மணல் வாடைப் பொருளை விட்டுவிடுகிறது. உயிருள்ள மணல் அதைச் சிதைக்கிறது.

குளோரினுக்கு இடம் கொடுக்காத மூலக்கூற்றைப் பாக்டீரியா மட்டும் எப்படி உடைக்கிறது? ஜியோஸ்மினும் எம்.ஐ.பி.யும் டெர்பீன் என்னும் பெருங்குடும்பத்தின் வழிவந்தவை. மரப்பிசின், எலுமிச்சைத் தோல், பைன் மரம் ஆகியவற்றின் மணமெல்லாம் அந்தக் குடும்பத்துப் பொருள்கள்தான். மண்ணிலும் நீரிலும் டெர்பீன்கள் எப்போதும் கிடைத்துக்கொண்டே இருந்திருக்கின்றன. அவற்றை உண்ணத் தெரிந்த பாக்டீரியாக்களும் அதே நெடிய காலமாக இருந்து வருகின்றன. எம்.ஐ.பி.யின் எலும்புக்கூடு கற்பூரத்தின் எலும்புக்கூட்டை ஏறக்குறைய அப்படியே ஒத்தது. கற்பூரத்தைச் சிதைக்கும் சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்களிடம் எம்.ஐ.பி.யைக் கொடுத்தபோது, கற்பூரத்துக்காக வைத்திருந்த நொதிகளைக் கொண்டே அவை அந்த மூலக்கூற்றில் ஆக்சிஜனைச் செருகியதை ஆய்வகத்தில் கண்டிருக்கிறார்கள். ஆக்சிஜன் புகுந்துவிட்டால் வளையத்தின் இறுக்கம் தளர்ந்து, அடுத்தடுத்த சிதைவுக்கு வழி பிறக்கிறது.

ஜியோஸ்மினைச் சிதைப்பவற்றைப் பற்றி ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2006-இல் வெளியிட்ட செய்தி எனக்கு மிகவும் பிடித்தது. வாடை நீக்கும் மணல் வடிகட்டி ஒன்றின் படலத்திலிருந்து மூன்று பாக்டீரியாக்களைப் பிரித்தெடுத்தார்கள்: ஒன்று ஸ்பிங்கோபிக்சிஸ் இனத்தோடும், இன்னொன்று நோவோஸ்பிங்கோபியம் இனத்தோடும், மூன்றாவது சூடோமோனாஸ் இனத்தோடும் நெருங்கியது. தனித்தனியே விட்டால் மூன்றில் எதுவும் ஜியோஸ்மினைச் சிதைக்கவில்லை. மூன்றும் சேர்ந்திருந்தபோதுதான் சிதைவு நடந்தது. பிற்பாடு தனியாகவே இந்த வேலையைச் செய்யக்கூடிய இனங்களும் கிடைத்தன என்றாலும், இயங்கும் வடிகட்டிகளில் நடப்பது பெரும்பாலும் கூட்டு வேலையாகவே இருக்கும் என்று நம்புகிறேன். ஒரு சூப்பர் பாக்டீரியாவைப் புட்டியில் வளர்த்துக் கொண்டுவந்து ஊற்றிவிட்டால் போதும் என்ற எண்ணத்தின் மீது எனக்குச் சந்தேகம் இருப்பதற்கும் இதுவே காரணம். ஆய்வகத்தில் மணல் நிரப்பிய குழாய்களில் இப்படிப் பாக்டீரியாவைச் சேர்த்து நல்ல பலன் பெற்றிருக்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் அங்கேயும், ஏற்கெனவே ஒரு படலம் படிந்திருந்த மணலில்தான் புதியவை நன்றாக ஒட்டிக்கொண்டன.

இனிச் சொல்லப்போவது பலரும் தவறவிடும் இடம். இந்தப் பாக்டீரியாக்கள் ஜியோஸ்மினைத் தின்று உயிர்வாழ்வதில்லை, வாழவும் முடியாது. லிட்டருக்குச் சில பத்து நானோகிராம் என்பது ஓர் உயிர்க்கூட்டத்துக்குச் சோறாகப் போதுமான அளவே அல்ல. அவை வாழ்வது நீரில் உள்ள மற்றக் கரிமப் பொருள்களை உண்டு. அந்தப் பொருள்கள் ஜியோஸ்மினைப் போல ஆயிரக்கணக்கான மடங்கு அளவில் இருக்கின்றன. உண்ணும்போது கூடவே வந்து மாட்டும் ஜியோஸ்மினும் சிதைகிறது. ஆகவே வாடையை நீக்க விரும்பும் பொறியாளர் உண்மையில் செய்ய வேண்டியது, வேறெதையோ உண்டு வாழும் ஒரு கூட்டத்தைப் பட்டினி போடாமலும் நஞ்சு கொடுக்காமலும் பேணிக் காப்பது. இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் இத்தகைய வடிகட்டிகளைப் பற்றிய ஏனைய விதிகள் பலவும் தாமாகவே விளங்கிவிடும்.

ஒரு விளைவு கணக்கில் தெரியும். உணவாக இல்லாமல் உடன்வரவாக இருப்பதால், இந்தச் செறிவுகளில் நீக்கம் பெரும்பாலும் விழுக்காட்டு அளவில் மாறாமல் நிற்கிறது. ஒரு வடிகட்டி 80 விழுக்காடு நீக்குவதாக வைத்துக்கொள்வோம். உள்ளே 20 நானோகிராம் வந்தால் வெளியே 4 வரும். யாருக்கும் வாடை தெரியாது. உள்ளே 200 வந்தால் வெளியே 40 வரும். ஊரே புகார் சொல்லும். இரண்டு நாளிலும் வடிகட்டி ஒரே திறமையோடுதான் வேலை செய்திருக்கிறது. வடிகட்டி பழுதாகிவிட்டது என்று அவசரப்பட்டு அதைத் தோண்டி மாற்றுவதற்கு முன், உள்ளே வந்த அளவு எவ்வளவு என்று பார்ப்பது நல்லது.

குளோரினை எங்கே போடுவது என்பது மற்றொரு விளைவு. பல நிலையங்களில் நீர் உள்ளே நுழையும் இடத்திலேயே குளோரின் போடுவது பழக்கம். தொட்டிகளில் பாசி படியாமல் இருக்க அது உதவுகிறது. உயிர்ப்படலம் வேண்டுமென்றால் அந்தப் பழக்கத்தை விட்டு, குளோரினை வடிகட்டிக்குப் பின்னால் கொண்டுபோக வேண்டும். எழுதுவதற்கு எளிதாகத் தோன்றும் இந்த மாற்றம் நடைமுறையில் அவ்வளவு எளிதன்று. குளோரின் படும் மணலின் மேல் மாங்கனீசு ஆக்சைடு பூச்சு ஒன்று உருவாகி, அது நீரில் கரைந்துள்ள மாங்கனீசைப் பிடித்து வைக்கும். குளோரினை நிறுத்தினால் அந்த வேலை தடைபட்டு, நீர் கருமையாக வரத் தொடங்கும் ஆபத்து உண்டு. மாங்கனீசை ஆக்சிஜனேற்றும் பாக்டீரியாக்களும் இருக்கின்றன; ஆனால் அவை குடியேறி வேலையை ஏற்கும்வரை கவனமாக இருக்க வேண்டும்.

வடிகட்டியைக் கழுவும் முறையிலும் அதே கவனம் தேவை. அழுக்கு அடைத்ததும் கீழிருந்து மேலாக நீரைப் பாய்ச்சிக் கழுவுவது எல்லா விரைவு வடிகட்டிகளுக்கும் பொது. குளோரின் கலந்த நீரால் இப்படிக் கழுவினால் படலம் நலிகிறது. குளோரின் இல்லாத நீரால் கழுவினால் உயிர்கள் பெரும்பாலும் மணலோடு ஒட்டிக்கொண்டு தப்பிவிடுகின்றன. காற்றைச் செலுத்திக் கிளறிக் கழுவினால்கூடப் படலம் அவ்வளவு சுலபமாக உரிந்துவிடுவதில்லை. அதன் பிடிப்பு நாம் எண்ணுவதைவிட வலுவானது. கரைந்த ஆக்சிஜன் குறையாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். நீரில் அம்மோனியா இருந்தால் அதை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாக்கள், 1 மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனுக்கு ஏறத்தாழ 4.6 மில்லிகிராம் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும், மற்றவற்றுக்கு மூச்சுமுட்டிவிடும். வடிகட்டியை நாள்கணக்கில் நிறுத்தி வைத்தாலும் உள்ளே தேங்கிய நீரில் ஆக்சிஜன் தீர்ந்துபோகும்.

நீர் படுகையைக் கடக்கும் நேரமும் வெப்பநிலையும் முக்கியம். விரைவு வடிகட்டிகளில் நீர் மணிக்கு 5 முதல் 15 மீட்டர் வேகத்தில் இறங்குகிறது. படுகையோடு தொடர்பில் இருப்பது சில நிமிடங்கள்தான். நேரத்தைக் கூட்டினால் நீக்கமும் கூடும். குளிர்ந்த நீரில் பாக்டீரியாக்கள் மந்தமாகிவிடும்: கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் 20 டிகிரி செல்சியசிலும் 8 டிகிரியிலும் ஒப்பிட்டுப் பார்த்தபோது குளிரில் நீக்கம் குறைந்தது, ஜியோஸ்மினைவிட எம்.ஐ.பி. பிடிவாதமாக நின்றது, ஆந்திரசைட் நிலக்கரியைவிடக் கரிமணிப் படுகை சிறப்பாகச் செயல்பட்டது. கரிமணியின் சொரசொரப்பான, குழிகள் நிறைந்த மேற்பரப்பு உயிர்கள் ஒதுங்கி வாழ்வதற்கு வசதியானது. ஒட்டவைக்கும் ஆற்றல் முழுவதும் தீர்ந்துபோன பழைய கரிமணிகூட இந்த வகையில் ஆண்டுக்கணக்கில் பயன்படுவதைக் காண்கிறோம். நல்லவேளையாக, நீலப்பச்சைப் பாசி பெருகுவதும் பெரும்பாலும் வெதுவெதுப்பான பருவத்தில்தான்; வாடை வரும் காலமும் பாக்டீரியா சுறுசுறுப்பாக இருக்கும் காலமும் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன.

இதெல்லாம் புதிய கண்டுபிடிப்பு என்று நினைத்துவிடக் கூடாது. 1829-இல் லண்டனின் செல்சி நீர் நிறுவனத்துக்காக ஜேம்ஸ் சிம்ப்சன் அமைத்த மெதுமணல் வடிகட்டியிலும் நடந்தது உயிர்ப்படலத்தின் வேலைதான். பாக்டீரியா என்றால் என்னவென்று அப்போது யாருக்கும் சரியாகத் தெரியாது. மணிக்கு 0.1 முதல் 0.3 மீட்டர் வரை மட்டுமே நீரை இறக்கும் அத்தகைய படுகைகள் அளவற்ற இடத்தை அடைத்தன என்பதால் விரைவு வடிகட்டியும் குளோரினும் அவற்றை ஓரங்கட்டின. ஓரங்கட்டியபோது மணலில் இருந்த உயிர்களின் வேலையையும் சேர்த்தே கைவிட்டோம் என்பது என் எண்ணம். 1970-களில் ஜெர்மனியின் மியூல்ஹைம் நகரில் ஓசோனையும் உயிர்ப்படலம் படிந்த கரிமணியையும் அடுத்தடுத்து வைக்கும் முறையைச் செம்மைப்படுத்தினார்கள். ஓசோன் பெரிய கரிமப் பொருள்களைச் சிறு துண்டுகளாக உடைக்கிறது. அந்தத் துண்டுகள் பாக்டீரியாக்களுக்கு எளிதில் செரிக்கும் உணவாகின்றன. ஓசோன் நேராகச் சிதைக்காமல் விட்ட வாடைப் பொருளைப் பின்னால் இருக்கும் படலம் பார்த்துக்கொள்கிறது. மக்கிய வாடைப் புகார்களால் நெடுங்காலம் திணறிய டோக்கியோவின் கனமாச்சி நிலையம் 1992-இல் இதே இணையைச் சேர்த்துக்கொண்டது.

குடிக்கும் நீரை வேண்டுமென்றே பாக்டீரியா வழியாக அனுப்புவதா என்று தயங்குபவர்களுக்கு ஒரு விளக்கம். படலத்திலிருந்து சில உயிர்கள் பிய்ந்து நீரோடு வெளியே வருவது உண்மை. அதனால்தான் வடிகட்டிக்குப் பின் கிருமிநீக்கம் கட்டாயம். ஆனால் கணக்கை முழுதாகப் பார்க்க வேண்டும். பாக்டீரியா உண்ணக்கூடிய கரிமப் பொருளை வடிகட்டியிலேயே அவை தின்று தீர்த்துவிட்டால், குழாய்களுக்குள் புதிதாக முளைப்பவற்றுக்கு உணவு மிஞ்சுவதில்லை. குளோரினும் குறைவாகப் போதும். குளோரின் கரிமப் பொருளோடு சேர்ந்து உண்டாக்கும் வேண்டாத துணைப்பொருள்களும் குறைகின்றன. உணவை நிலையத்தில் தின்ன விடுவதா, வீட்டுக்கு வரும் குழாயில் தின்ன விடுவதா என்பதுதான் இங்கே உள்ள தேர்வு.

இந்த முறையை நம்பி மட்டுமே இருந்துவிட முடியாத நேரங்களும் உண்டு. புதிய மணலில் படலம் தேறி வாடையை நீக்கத் தொடங்க வாரங்கள், சில நேரம் மாதங்கள் ஆகும். பாசி பெருகியபின் வடிகட்டியைத் தயார்செய்ய முனைந்தால் பருவம் முடிந்துபோயிருக்கும். முன்பு ஜியோஸ்மினைச் சந்தித்த மணல், சந்திக்காத மணலைவிட விரைவாக வேலையைத் தொடங்குகிறது என்பதால், பழகிய மணலை முழுதாக அள்ளி மாற்றுவதில் அவசரம் காட்டக் கூடாது. வாடை போய்விட்டது என்பதைக் கொண்டு பாசியின் நஞ்சும் போய்விட்டது என்று முடிவுகட்டவும் கூடாது. மைக்ரோசிஸ்டின் போன்ற நஞ்சுகளுக்கு வாடை கிடையாது. அவற்றையும் சிதைக்கும் பாக்டீரியாக்கள் வடிகட்டிகளில் உண்டு என்றாலும், அவை வேலை செய்கின்றனவா என்பதை ஆய்வகச் சோதனையால்தான் அறிய வேண்டும். பாசி திடீரென்று பொங்கி உள்ளே வரும் அளவு நூற்றுக்கணக்கான நானோகிராமைத் தொடும் சில நாட்களுக்கு, தூள் கரியை இருப்பில் வைத்திருந்து வடிகட்டிக்கு முன்னால் கலப்பதே நடைமுறைக்கு ஒத்துவரும். கரி பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளும். மிஞ்சுவதைப் படலம் வழக்கமான விழுக்காட்டில் குறைத்து, மூக்குக்கு எட்டாத அளவுக்குக் கொண்டுவந்துவிடும்.